ஐஸ் இல்லாத ஊரிலிருந்து ஃபிகர் ஸ்கேட்டிங் ரசிகராவது எப்படி?

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம், பிளேடு வைத்த பூட்ஸோடு ஐஸில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் பிடித்துப்போன பிள்ளைகள் நிறையவே இருக்கிறார்கள். ரீல்ஸில் யாரோ காற்றில் நாலு சுற்று சுற்றி இறங்குவதைப் பார்த்திருப்பார்கள், அதோடு ஆசை பிடித்துக்கொள்ளும், ஆனால் அடுத்து எதைப் பார்ப்பது, எது கஷ்டமான ஜம்ப், மார்க் எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்க ஆள் இருக்காது. வீட்டில் கேட்டால் "நம்ம ஊர்ல ஐஸ் எங்க இருக்கு, போய்ப் படிக்கிற வழியைப் பாரு" என்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஆடுகிறவரின் காலுக்குக் கீழே இருக்கும் பிளேடைப் பார்க்கப் பழகிவிட்டால், இந்த விளையாட்டின் நூற்றைம்பது வருஷச் சரித்திரமும் அதன் பழக்கவழக்கங்களும் ஒவ்வொன்றாகப் பிடிபட ஆரம்பிக்கும். அதற்கு ஐஸ் தேவையில்லை. ஒரு போன், கொஞ்சம் சாக்பீஸ், கொஞ்சம் பொறுமை போதும்.

முதல் வேலை: பிளேடைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஃபிகர் ஸ்கேட்டிங் பிளேடு சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அதன் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது, நீளவாட்டில் நடுவே ஒரு பள்ளம் ஓடும். அதனால் ஒரே பிளேடுக்கு இரண்டு விளிம்பு. கட்டைவிரல் பக்கம் இருப்பது உள்விளிம்பு, சுண்டுவிரல் பக்கம் இருப்பது வெளிவிளிம்பு. முன்முனையில் பல்பல்லாக இருப்பதை டோ பிக் என்கிறார்கள். ஸ்கேட்டர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் வளைந்து போவார். தொப்பூர் கணவாயில் பைக் வளைவு திரும்பும்போது வண்டியும் ஆளும் சேர்ந்து உள்பக்கம் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே சாய்வுதான். நல்ல ஸ்கேட்டர் நேர்கோட்டில் போவதே குறைவு, எங்கே பார்த்தாலும் வளைவுதான். சாய்வு எவ்வளவு ஆழமோ அவ்வளவு திறமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று ராத்திரியே செய்யக்கூடியது: யூடியூபில் ஒரு நிகழ்ச்சியைப் போடுங்கள். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் தென்கொரியாவின் கிம் யூனா இசைக்கு ஆடிய நீண்ட ஆட்டம், ஃப்ரீ ஸ்கேட் என்பார்கள், நல்ல தொடக்கம். ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு என்று தனித் தளம் கிடைக்காத நாட்டில் வளர்ந்து, மொத்தம் 228.56 புள்ளி எடுத்து, அன்றைக்கு உலக சாதனையோடு தங்கம் வாங்கியவர். முதல் தடவை சும்மா பாருங்கள், ரசியுங்கள். இரண்டாம் தடவை வேகத்தை 0.25-க்குக் குறைத்து, திரையின் மேல்பாதியைக் கையால் மறைத்துக்கொண்டு காலை மட்டும் பாருங்கள். எப்போது முன்பக்கமாகப் போகிறார், எப்போது பின்பக்கமாகப் போகிறார், எந்தக் காலில் நிற்கிறார். பத்து நிமிஷத்தில் கண் பழகிவிடும், அதன் பிறகு நீங்களே நிறுத்த மாட்டீர்கள்.

அடுத்து: தரையில் எட்டு போடுங்கள்

இந்தப் பகுதியை யாரும் சொல்லித்தருவதில்லை, ஆனால் எனக்கு இதுதான் உயிர். இன்றைக்கு நாம் பார்க்கும் ஜம்ப், சுழற்சி, இசை எதுவும் பெரிதாக இல்லாத காலத்தில் இந்த விளையாட்டு என்பது ஐஸில் கோடு போடுவது. ஒற்றைக் காலில் நின்று பிளேடால் ஒரு வட்டம், அதை ஒட்டி இன்னொரு வட்டம், ஆக ஒரு எட்டு. போட்ட கோட்டின் மேலேயே திரும்பத் திரும்பப் போக வேண்டும், கோடு விலகக் கூடாது. ஆடி முடித்ததும் நடுவர்கள் ஐஸ் மேலே நடந்து வந்து, குனிந்து அந்தக் கீறலை உற்றுப் பார்த்து மார்க் போடுவார்கள். வட்டம் வட்டமாக இருக்கிறதா, விளிம்பு மாறிய இடம் சுத்தமாக இருக்கிறதா என்று.

நீண்ட காலம் மொத்த மார்க்கில் பாதிக்கு மேல் இதற்கே போனது. 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் டிரிக்ஸி ஷூபா, இசைக்கு ஆடும் ஃப்ரீ ஸ்கேட்டில் ஏழாவது இடம்தான், ஆனாலும் தங்கம் அவருக்கே. கோடு போடுவதில் அவர் எடுத்த முன்னிலை அப்படி. அதே போட்டியில் ஃப்ரீ ஸ்கேட்டில் முதலிடம் பிடித்த அமெரிக்காவின் ஜேனட் லின்னுக்கு வெண்கலம். டிவியில் பார்த்த ஜனங்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஏனென்றால் கோடு போடும் பகுதியை டிவியில் காட்டுவது அபூர்வம். அடுத்த வருஷமே ஷார்ட் புரோகிராம் என்று, இசைக்கு ஆடும் சின்ன ஆட்டம் ஒன்றைப் புதுப் பகுதியாகச் சேர்த்தார்கள், கோட்டுக்கான மார்க்கைப் படிப்படியாகக் குறைத்தார்கள், 1990 உலகப் போட்டியோடு அதை மொத்தமாக எடுத்தே விட்டார்கள். எடுத்தது சரியென்று பலர் சொல்வார்கள். ஆட்டத்தை டிவியில் பார்க்கும் உலகத்துக்கு அது தவிர்க்க முடியாததுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விளிம்பை மணிக்கணக்கில் பழகும் கட்டாயம் போனதும் ஜம்ப் மேல் ஜம்ப் என்று ஆட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது என்பது என் எண்ணம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. மொட்டை மாடியிலோ பள்ளியின் சிமென்ட் தரையிலோ ஒரு இடம் பாருங்கள். உங்கள் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு கயிறு எடுத்து, ஒரு நுனியைத் தம்பியோ தங்கையோ காலால் மிதித்துக்கொள்ளட்டும், மறுநுனியில் சாக்பீஸைக் கட்டி ஒரு முழு வட்டம் போடுங்கள். அதைத் தொட்டபடி அடுத்த வட்டம். இப்போது இரண்டும் தொடும் புள்ளியில் நின்று, வலது காலைக் கோட்டின் மேல் வைத்து, வட்டத்தின் நடுவைப் பார்த்து லேசாகச் சாய்ந்தபடி வலப்பக்க வட்டத்தைச் சுற்றி மெதுவாக நடங்கள். வலது கால் எப்போதும் கோட்டை விட்டு விலகக் கூடாது, இடது காலைச் சும்மா தள்ளுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எடை பாதத்தின் சுண்டுவிரல் ஓரத்துக்கு வரும். அதுதான் வெளிவிளிம்பு. புள்ளிக்குத் திரும்பியதும் காலை மாற்றி இடப்பக்க வட்டம். வெறுங்காலோடு செய்தால் இன்னும் தெளிவாகத் தெரியும், வெயில் ஏறுவதற்கு முன்னால் செய்துவிடுங்கள், மாடித் தரை காலைச் சுட்டுவிடும்.

நடனத்தை உள்ளே கொண்டுவந்தவர்

கோட்டுக்காரர்கள் கையைக் காலை விறைப்பாக வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், 1860-களில், அமெரிக்காவின் ஜாக்சன் ஹெய்ன்ஸ் பாலே பயிற்சியோடு ஐஸில் இறங்கினார். வார் போட்டுச் செருப்பில் கட்டும் பிளேடுக்குப் பதிலாக பூட்ஸோடு சேர்த்துத் திருகிய பிளேடு, இசை, குந்தியபடி சுற்றும் சிட் ஸ்பின், எல்லாம் அவர் கைவரிசை. சொந்த நாட்டில் பெரிதாக மதிக்கவில்லை. ஐரோப்பா போனார், வால்ட்ஸ் நடனத்தில் ஊறிய வியன்னா நகரம் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. 1875-இல், முப்பதுகளிலேயே, ஃபின்லாந்தில் இறந்துபோனார். 1892-இல் நெதர்லாந்தில் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் உருவானது, 1896-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முதல் உலகப் போட்டி நடந்தது.

பெண் பிள்ளைகள் மறக்காமல் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் மாட்ஜ் சையர்ஸ். 1902 லண்டன் உலகப் போட்டியில் இவர் பெயர் கொடுத்தார். பெண்கள் ஆடக் கூடாது என்று விதியில் எழுதவே இல்லை, ஆண்கள் மட்டும்தான் வருவார்கள் என்று நினைத்துவிட்டார்கள். ஆடினார், இரண்டாமிடம். முதலிடம் சுவீடனின் உல்ரிச் சால்கோ, மொத்தம் பத்து உலகப் பட்டம் வாங்கியவர். உடனே அடுத்த வருஷம் பெண்களுக்குத் தடை போட்டார்கள், நீளப் பாவாடை காலை மறைப்பதால் நடுவருக்குத் தெரியாது என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. சையர்ஸ் பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றித் தைத்துக்கொண்டார். 1906-இல் பெண்களுக்கென்று தனிப் போட்டி வந்தபோது வென்றவரும் அவரே, 1908 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கமும் அவருக்கே. குளிர்கால ஒலிம்பிக் 1924-இல்தான் தொடங்கியது, அதனால் முதலில் ஃபிகர் ஸ்கேட்டிங் நம்ம சாதாரண ஒலிம்பிக்கில்தான் இருந்தது. அந்த 1924 ஷாமனி போட்டியில் 11 வயதில் ஆடிய நார்வேயின் சோன்யா ஹெனிதான் பிறகு தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் தங்கமும் பத்து உலகப் பட்டமும் வாங்கினார். முழங்காலுக்கு மேலான பாவாடையையும் வெள்ளை பூட்ஸையும் வழக்கமாக்கியவர் அவர்தான்.

ஒரே ஒரு ஜம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஆறு ஜம்ப் இருக்கிறது: டோ லூப், சால்கோ, லூப், ஃபிளிப், லட்ஸ், ஆக்ஸல். ஆறையும் முதல் வாரத்திலேயே கண்டுபிடிக்கப் பார்த்தால் தலை சுற்றும், வேண்டாம். ஆக்ஸலில் ஆரம்பியுங்கள், ஏனென்றால் முன்பக்கம் பார்த்தபடி கிளம்பும் ஜம்ப் அது ஒன்றுதான். மற்ற ஐந்தும் பின்பக்கமாகப் போய்க்கொண்டே கிளம்புவது. எல்லா ஜம்பும் இறங்குவது பின்பக்கமாக, வெளிவிளிம்பில். முன்பக்கம் கிளம்பி பின்பக்கம் இறங்குவதால் ஆக்ஸலில் எப்போதும் அரைச் சுற்று கூடுதல். மூன்று ஆக்ஸல் என்றால் மூன்றரைச் சுற்று.

இந்த ஒரு ஜம்பே ஒரு சரித்திரப் புத்தகம். 1882-இல் வியன்னாவில் நார்வேயின் ஆக்ஸல் பால்சன் இதை முதலில் ஆடிக் காட்டினார், அதுவும் வேக ஸ்கேட்டிங் பிளேடு போட்டுக்கொண்டு. இரட்டை ஆக்ஸல் வர 66 வருஷம் ஆனது: 1948 ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டிக் பட்டன். மூன்று ஆக்ஸல் 1978 உலகப் போட்டியில், கனடாவின் வெர்ன் டெய்லர். பெண்களில் முதலில் செய்தவர் ஜப்பானின் மிதோரி இதோ, 1988-இல். அடுத்த வருஷம் உலகப் பட்டம் வென்ற முதல் ஆசியரும் அவர்தான். நான்கு ஆக்ஸலை 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுசுரு ஹன்யு முயன்று விழுந்தார். அதே வருஷம் செப்டம்பரில் 17 வயது அமெரிக்கர் இலியா மாலினின் லேக் பிளாசிடில் நான்கரைச் சுற்று சுற்றி ஒற்றைக் காலில் இறங்கினார். இவற்றை வரிசையாகத் தேடிப் பாருங்கள். பால்சனுடையது வீடியோவாகக் கிடைக்காது, டெய்லரிலிருந்து மாலினின் வரை கிடைக்கும். பூட்ஸ், கைகளின் நிலை, உயரம் எல்லாம் எப்படி மாறியிருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும்.

ஆக்ஸல் கைவந்ததும் மற்றவற்றுக்கு ஒரே கேள்வி: கிளம்பும்போது சும்மா இருந்த காலின் டோ பிக்கை ஐஸில் குத்துகிறாரா? குத்தினால் டோ லூப், ஃபிளிப், லட்ஸில் ஒன்று. குத்தாவிட்டால் சால்கோ அல்லது லூப். லட்ஸைக் கண்டுபிடிக்க, ஓரமாக நீளமாகப் பின்னோக்கிப் போய், வளைவுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறாரா என்று பாருங்கள். கடைசி நொடியில் வெளிவிளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு நழுவிவிட்டால் அது லட்ஸ் கணக்கில் குறைபட்டது, புள்ளி குறையும். சாக்பீஸ் எட்டு போட்ட பிள்ளைக்கு இது சட்டென்று விளங்கும்.

சுழற்சிக்கு ஒரு சின்னச் சோதனை. சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் பிடித்துக் கையை விரியுங்கள், யாராவது மெதுவாகச் சுற்றிவிடட்டும், உடனே கைகளை நெஞ்சோடு சேருங்கள். வேகம் ஏறுவது உடம்புக்கே தெரியும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் கோண உந்தம் வரும்போது ஆசிரியரிடம் இதைச் சொல்லுங்கள்.

மார்க் புரியாமல் பார்க்காதீர்கள்

முன்பு 6.0 தான் முழு மார்க். 1984 சரயேவோ ஒலிம்பிக்கில் பிரிட்டனின் ஜேன் டார்வில், கிறிஸ்டபர் டீன் ஜோடி, இசையமைப்பாளர் ரவேலின் பொலேரோ இசைக்கு ஐஸ் டான்ஸ் (பெரிய ஜம்ப் இல்லாமல் ஜோடியாக ஆடும் நடனப் பிரிவு) ஆடி, கலை மதிப்பெண்ணில் ஒன்பது நடுவர்களிடமும் 6.0 வாங்கினார்கள். அவர்கள் இசை 4 நிமிஷம் 28 விநாடி, விதிப்படி அதிகபட்சம் 4 நிமிஷம் 10 விநாடி. பிளேடு ஐஸைத் தொடும்போதுதான் கடிகாரம் ஓடும் என்பதால், முதல் 18 விநாடியும் முழங்காலிட்டு நின்றபடியே ஆடினார்கள். அந்தத் தொடக்கத்தை ஒரு தடவை பாருங்கள், பிளேடு தரையில் படுகிறதா என்று கவனித்தபடி.

2002 சால்ட் லேக் சிட்டியில் ஜோடிப் போட்டியில் பிரான்ஸ் நடுவர் ஒருவரின் வாக்கு பெரிய சர்ச்சையாகி, ரஷ்ய ஜோடியோடு கனடா ஜோடிக்கும் இன்னொரு தங்கம் கொடுக்க வேண்டிவந்தது. அதன் விளைவாக 6.0 முறை போய், 2004 முதல் இப்போதைய புள்ளி முறை வந்தது. ஒவ்வொரு ஜம்புக்கும் சுழற்சிக்கும் ஒரு அடிப்படை மதிப்பு உண்டு. சமீப ஆண்டுகளின் பட்டியலில் மூன்று டோ லூப் 4.2, மூன்று ஆக்ஸல் 8.0, நான்கு ஆக்ஸல் 12.5. அதன் மேல் நடுவர்கள் -5 முதல் +5 வரை தரம் பார்த்துக் கூட்டிக் குறைப்பார்கள். அப்புறம் ஸ்கேட்டிங் திறன், நிகழ்ச்சியின் அமைப்பு, வெளிப்பாடு என்ற மூன்றுக்கும் தனி மார்க். போட்டி முடிந்ததும் முழு மார்க் பட்டியலும் வெளியாகும், கிரிக்கெட் ஸ்கோர் கார்டு படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை.

ரசிகர்களின் பழக்கவழக்கம்

ஆடி முடித்ததும் ஸ்கேட்டரும் பயிற்சியாளரும் மார்க்குக்காகக் காத்திருக்கும் பெஞ்சுக்கு கிஸ் அண்ட் க்ரை என்று பெயர். அழுகை சிரிப்பு எல்லாம் அங்கேதான், கேமராவும் அங்கேயே இருக்கும். ரசிகர்கள் பொம்மைகளை ஐஸில் வீசுவார்கள், சின்னப் பிள்ளைகள் ஸ்கேட் போட்டு ஓடிவந்து பொறுக்குவார்கள். ஹன்யு ஆடினால் மஞ்சள் கரடிப் பொம்மைகள் மழையாகக் கொட்டும். அவர் சென்டாய்க்காரர், 2011 நிலநடுக்கம் வந்தபோது தளத்தில் பயிற்சியில் இருந்து ஸ்கேட்டோடே வெளியே ஓடியவர், 2014-லும் 2018-லும் தங்கம் வாங்கியவர். உதிரும் பூவை மட்டும் யாரும் வீசக் கூடாது, ஒரு இதழ் பிளேடில் சிக்கினாலும் அடுத்தவர் விழுந்துவிடுவார்.

பிரான்ஸின் சூரியா பொனாலி 1998 நகானோவில், தடைசெய்யப்பட்டிருந்த பேக்ஃபிளிப், அதாவது பின்பக்கக் குட்டிக்கரணம், அடித்து ஒற்றைக் காலில் இறங்கினார். மார்க் போகும் என்று தெரிந்தே செய்தார். அந்தத் தடையை 2024-இல்தான் நீக்கினார்கள். அதையும் பார்த்துவிடுங்கள், உடம்பு சிலிர்க்கும்.

2010 வான்கூவரில் ஐஸ் டான்ஸுக்கு நாட்டுப்புற ஆடல் என்று தலைப்புக் கொடுத்தபோது, அமெரிக்காவின் மெரில் டேவிஸ், சார்லி வைட் ஜோடி இந்திப் படப் பாட்டுகளுக்கு ஆடினார்கள். இந்திய நடனம் தெரிந்தவரிடம் போய்க் கற்றுக்கொண்டு ஆடியது முத்திரைகளிலேயே தெரியும். அதே போட்டியில் ஒரு ரஷ்ய ஜோடி ஆஸ்திரேலியப் பழங்குடி வேஷம் போட்டதற்கு அந்த மக்களின் தலைவர்களே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். நம் ஊரில் கூத்து பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வித்தியாசம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆடுகிறவர்களின் உடம்பைப் பற்றி, குண்டு ஒல்லி என்று, கமென்ட் போடவே போடாதீர்கள். சோச்சி 2014-இல் 15 வயதில் அணித் தங்கம் வாங்கிய ரஷ்யாவின் யூலியா லிப்னிட்ஸ்காயா, சாப்பாட்டையே ஒதுக்க வைக்கும் உணவுக் கோளாறு நோயால் 2017-இல் ஆட்டத்தையே விட்டார். 2022 பெய்ஜிங்கில் 15 வயது ரஷ்யப் பெண் கமிலா வலியேவா ஊக்கமருந்து வழக்கில் மாட்டி உடைந்துபோனதை உலகமே பார்த்தது. அதற்குப் பிறகுதான் பெரியவர்கள் பிரிவின் குறைந்தபட்ச வயதை 17 ஆக உயர்த்தினார்கள். அந்தப் பிள்ளைகள் உங்கள் வயதுதான். யாருக்கு யார் பெரியவர் என்று ரசிகர் கூட்டங்கள் சண்டை போடும் இடத்தில் உங்களுக்கு வேலையே இல்லை.

ஆடவும் ஆசை என்றால்

இந்தியாவில் ஐஸ் தளம் மிகக் குறைவு. சிம்லாவில் 1920 முதல் இருக்கும் திறந்தவெளித் தளத்தில் குளிர்காலத்தில் மட்டும் இயற்கையாக உறையும் ஐஸ். டேராடூனில் 2011 தெற்காசிய குளிர்காலப் போட்டிக்குக் கட்டிய உள்ளரங்கம் பல வருஷம் மூடிக்கிடந்து 2025-இல் மறுபடி திறந்தது. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்து இந்தியாவுக்காக ஆடும் தாரா பிரசாத்தைத் தொடர்ந்து பாருங்கள், 2025 ஹார்பின் ஆசிய குளிர்காலப் போட்டியில் நம் கொடியோடு ஆடியவர்.

நமக்குப் பக்கம் பெங்களூருதான். மால்களில் ஐஸ் ஸ்கேட்டிங் என்று விளம்பரம் பார்த்தால் பஸ் ஏறுவதற்கு முன் போன் போட்டுக் கேளுங்கள்: உண்மையான ஐஸா இல்லை பிளாஸ்டிக் தளமா, ஃபிகர் ஸ்கேட் வாடகைக்குக் கிடைக்குமா, ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம். பிளாஸ்டிக் தளத்தில் வழுக்கல் குறைவு, முதல் அனுபவத்துக்கு அது வீண்.

அதைவிட நல்ல வழி சக்கரம். நம் ஊர்களில் பள்ளி மைதானத்தில் காலையில் நடக்கும் ஸ்கேட்டிங் கிளாஸில் பெரும்பாலும் வேகப் பயிற்சிதான், ஆனால் சக்கரத்திலேயே ஜம்ப், சுழற்சி, இசை எல்லாம் சேர்ந்த ஆர்ட்டிஸ்டிக் ஸ்கேட்டிங் என்று ஒரு பிரிவு இருக்கிறது. 2010 குவாங்ஜோ ஆசியப் போட்டியில் ஹைதராபாத்தின் அனூப் குமார் யாமா அதில் தனியாக ஒரு வெண்கலம், அவனி பாஞ்சாலோடு ஜோடியாக ஒரு வெண்கலம் வாங்கினார். வேகப் பிரிவில் சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 2025-இல் 1000 மீட்டரில் உலகச் சாம்பியனே ஆனார். பயிற்சியாளரிடம் போய், வேகம் வேண்டாம், ஒற்றைக் காலில் வட்டம் போடக் கற்றுத்தாருங்கள் என்று கேளுங்கள். இரண்டிரண்டு சக்கரமாக நாலு சக்கரம் உள்ள குவாட் ஸ்கேட் அதற்கு ஏற்றது. வளர்கிற கால் என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிவிடாதீர்கள், கணுக்கால் ஆடினால் விளிம்பே வராது. ஹெல்மெட், மணிக்கட்டுக் கவசம், முழங்கால் கவசம் இல்லாமல் இறங்கவே கூடாது. தேசிய நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோடு காலியாகத் தெரிந்தாலும் அங்கே ஓட்ட வேண்டாம்.

வருஷத்தில் எப்போது என்ன

ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் ஜூனியர் கிராண்ட் பிரி என்ற போட்டித் தொடர் தொடங்கும். அதைச் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் தன் யூடியூப் சேனலில் பல வருஷமாக நேரலையில் காட்டிவருகிறது, புதியவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெரியவர்களின் கிராண்ட் பிரி. ஜனவரி, பிப்ரவரியில் ஐரோப்பியப் போட்டியும், ஆசியா உள்ளிட்ட மற்ற கண்டங்களுக்கான நான்கு கண்டப் போட்டியும். மார்ச்சில் உலகப் போட்டி. ஐரோப்பாவில் நடந்தால் நமக்குச் சாயங்காலமும் ராத்திரியும், அமெரிக்காவில் நடந்தால் விடியற்காலை. பத்தாவது, பன்னிரண்டாவது படிப்பவர்களுக்கு மார்ச் என்றால் பொதுத்தேர்வு, அதனால் நேரலைக்காகக் கண் விழிக்காதீர்கள். முடிவு தெரியாமல் இருக்க ஸ்கேட்டிங் பக்கங்களை ம்யூட் செய்துவிட்டு, தேர்வு முடிந்ததும் கடைசிக் குழுவில் ஆடிய ஆறு பேரையும் முழுசாகப் பாருங்கள், முதல் தடவை அவர்கள் காலை மட்டும்.